நாள் தள்ளிப்போனவளின் கணக்கு

கருக்கலைப்பு என்ற சொல்லைத் தமிழ்நாட்டுக் கிராமத்து ஸ்திரீகள் உச்சரித்துக் கேட்பது அரிது. "நாள் தள்ளிப் போயிடுச்சு" என்று தொடங்குவார்கள். "சுத்தம் பண்ணிக்கிட்டு வந்துட்டேன்" என்று முடிப்பார்கள். இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையே கழிந்த வாரங்களில் அவள் யாரிடம் வாய் திறந்தாள், யார் முன் கைகட்டி நின்றாள், எதை அடகு வைத்தாள், எத்தனை நாள் கூலியை இழந்தாள் என்பதை ஒருவரும் கேட்பதில்லை, அவளாகச் சொல்வதுமில்லை. தர்மம் பேசுகிறவர்கள் இச்செயலின் பாவ புண்ணியத்தை விசாரித்திருக்கிறார்கள். சட்டம் பேசுகிறவர்கள் இது குற்றமா அன்றா என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். ஜனத்தொகைப் பெருக்கத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் இதனால் குறையக்கூடிய தலைகளை எண்ணியிருக்கிறார்கள். அந்த இடைப்பட்ட வாரங்களைப் பற்றி, அவற்றின் பொருளாதாரத்தைப் பற்றி, அவ்வாரங்களில் ஒரு பெண்ணைச் சுற்றி நிற்கிற மனிதர்களைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. இக்கட்டுரை அவ்வாரங்களைப் பற்றியது.

முதலில் விஷயத்தின் பரிமாணத்தை அறிந்துகொள்வது அவசியம். 2015 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில் உலகம் முழுவதிலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7.3 கோடிக் கருக்கலைப்புகள் நிகழ்ந்தன என்பது ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடு. உலகச் சுகாதார நிறுவனம் இவற்றுள் நூற்றுக்கு 45 பாதுகாப்பற்றவை என்கிறது. அப்பாதுகாப்பற்றவற்றுள் நூற்றுக்கு 97 வளர்முக நாடுகளில் நிகழ்பவை என்றும் சேர்த்துச் சொல்கிறது. இந்தியாவைப் பொறுத்தவரையில், அஸ்ஸாம், பீகார், குஜராத், மத்தியப் பிரதேசம், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம் ஆகிய ஆறு மாநிலங்களை விரிவாக ஆராய்ந்து, அதிலிருந்து நாடு முழுமைக்கும் கணித்த ஓர் ஆய்வு 2018-இல் 'லான்செட்' குழுமத்துச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. 2015-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 1.56 கோடிக் கருக்கலைப்புகள். கருவுற்றவை சுமார் 4.81 கோடி; அவற்றுள் பாதி, பெண் எதிர்பாராத வேளையில் உண்டானவை; ஆக, மூன்றில் ஒரு கர்ப்பம் கலைப்பில் முடிந்தது. அதே காலத்தில் சர்க்கார் ஏடுகளில் ஆண்டுதோறும் பதிவானவையோ ஏறத்தாழ 7 லட்சம். ஒன்றரைக் கோடிக்கும் ஏழு லட்சத்துக்கும் இடையிலுள்ள தூரமே நம் விஷயத்தின் உண்மையான களம். அத்தூரத்துக்குள்தான் இந்நாட்டில் கரு கலைக்கிற பெண்களுள் மிகப் பெரும்பாலோர், கணக்கில் வராத இருளில், தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள்.

வறுமைதான் கருக்கலைப்புக்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. செல்வந்தர் வீட்டிலும் கரு கலைகிறது, குடிசையிலும் கலைகிறது. என் அபிப்பிராயத்தில், ஒருத்தி கலைப்பாளா மாட்டாளா என்பதைவிட, எத்தனையாவது வாரத்தில் கலைப்பாள், எவருடைய கையால் கலைப்பாள், கலைத்த பிறகு எத்தனை நாள் படுக்கையில் கிடப்பாள் என்பவற்றையே தாரித்திரியம் தீர்மானிக்கிறது. பணமுள்ளவள் ஏழாவது வாரத்தில் காரில் போய் மாலைக்குள் வீடு திரும்புகிறாள். பணமில்லாதவளும் அதே ஏழாவது, எட்டாவது வாரத்தில்தான் முடிவெடுக்கிறாள். ஆனால் அம்முடிவு நிறைவேற இன்னும் எட்டு வாரம் பிடிக்கிறது.

இதைக் கிட்டே நின்று பார்ப்பதற்காக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பலருடைய வாழ்விலிருந்து கூட்டி வரைந்த சித்திரம் அவள்; ஆயினும் அவள் ஏறி இறங்குகிற படிகள் ஒவ்வொன்றும் இந்நாட்டில் அன்றாடம் யாரோ ஒருத்தி ஏறி இறங்குகிற படிகளே. வயது இருபத்து மூன்று; பத்தொன்பதில் விவாகம்; மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, பதினோரு மாதத்தில் இன்னொன்று. புருஷன் திருப்பூரில் வேலை. பொங்கலுக்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனான். கைக்குழந்தை இன்னும் முலைப்பால் குடிக்கிறது. பால் கொடுக்கிறவளுக்கு உண்டாகாது என்று தாயும் மாமியாரும் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள். பிரசவத்துக்குப் பிறகு விலக்கு ஒழுங்காக வரத் தொடங்கவே இல்லையாதலால், நாள் தள்ளிப்போனதை அவள் தள்ளிப்போனதாகவே எண்ணவில்லை. வாயில் எச்சில் ஊறிச் சோற்று வாடை குமட்டியபோது எட்டு வாரம் ஆகியிருந்தது. அன்று இரவே அவள் முடிவு செய்துவிட்டாள். பச்சைப் பப்பாளிக்காயும், எள்ளும் கருப்பட்டியும் சேர்த்து இடித்த உருண்டையும் இரண்டு வாரத்தைத் தின்று தீர்த்தன, கர்ப்பம் அசையவில்லை. பிறகு களையெடுப்புக் கூலி ஒரு நாளை விட்டுவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதைப் பார்க்கிற டாக்டரம்மா செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே வருவார் என்று சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் போனாள். "கூட யாரும்மா வந்திருக்கா? வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமே" என்றார் நர்ஸ். வீட்டுக்காரனுக்கு மாதக் கடைசியில்தான் லீவு. அவன் வந்து இருவருமாகப் போனபோது, "கலைச்சா கையோட ஆபரேஷனும் பண்ணிக்கணும், இல்லேன்னா மறுபடியும் இங்கதான் வந்து நிப்பே" என்றார்கள். ஆபரேஷன் என்ற சொல் வீட்டுக்கு வந்ததும் மாமியார் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டும் பொட்டப்புள்ளையா இருக்கு, அதுக்குள்ள என்ன ஆபரேஷன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இரண்டு வாரம் அந்த வீட்டில் நின்றது. பதினாறாவது வாரத்தில், டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், "நாள் கூடிப்போச்சு, அதனால காசும் கூடும்" என்று சொன்னவர்களிடம், காதுத் தோட்டையும் தாலியோடு கோத்திருந்த குண்டுகள் இரண்டையும் அடகுக்கடையில் வைத்து வாங்கிய பணத்தைக் கட்டினாள்.

இதில் அவள் செய்த தாமதம் எது? முடிவெடுக்க அவளுக்கு ஓர் இரவு போதுமானதாக இருந்தது. மற்றவற்றுள் பெரும்பாலானவை பிறர் கொடுத்த வாரங்கள்: பஸ் கொடுத்தது, ஆஸ்பத்திரியின் முறைநாள் கொடுத்தது, புருஷனின் லீவு கொடுத்தது, மாமியாரின் பேரன் ஆசை கொடுத்தது. எட்டாவது வாரத்தில் மிகச் சாதாரணமான வைத்தியமாக இருந்திருக்கக்கூடியது, பதினாறாவது வாரத்தில் ரத்தப்போக்குக்கும் கர்ப்பப்பைச் சேதத்துக்கும் இடமளிக்கிற காரியமாகிறது. வாரம் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்பதில் வைத்திய சாஸ்திரத்துக்குச் சந்தேகமே இல்லை.

சட்டம் அவளைக் கைவிட்டதா என்று கேட்டால், எழுத்தளவில் இல்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 312-ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்காகக் கரு கலைத்தாலும் மூன்றாண்டு வரை சிறை என்றும், கருவில் அசைவு தெரிந்த பிறகாயின் ஏழாண்டு வரை என்றும் விதித்தது. கலைப்பவருக்கு மட்டுமன்றித் தன் கருவைத் தானே கலைத்துக்கொள்கிற ஸ்திரீக்கும் அது பொருந்தியது. சுதந்திரம் வந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1964-இல், மகாராஷ்டிரத்தின் சுகாதார மந்திரியாயிருந்த சாந்திலால் ஷாவின் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. கள்ளத்தனமான கலைப்புகளால் பெண்கள் மடிகிறார்கள் என்பதை 1966-இல் அக்குழு எடுத்துரைத்ததன் பயனாக, 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்தது. பெண்ணின் உடல் நலத்துக்கோ மனநலத்துக்கோ கடுமையான தீங்கு நேரும் என்று வைத்தியர் கருதினால் கலைக்கலாம். அத்தீங்கை நிதானிக்கையில் அவளுடைய தற்போதைய சூழ்நிலையையும் இனி வரக்கூடுமென்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க சூழ்நிலையையும் கணக்கிற்கொள்ளலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. அதாவது, வீட்டின் வறுமை, பசி, ஏற்கனவே உள்ள பிள்ளைகள் ஆகிய யாவும் வைத்தியர் கவனிக்கத்தக்க காரணங்களே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏழைப் பெண்ணின் சூழ்நிலையைச் சட்டத்தின் வாசகத்துக்குள் கொண்டுவந்த அந்தத் தலைமுறையை நான் மதிக்கிறேன்.

எனினும் அச்சட்டத்தின் எழுவாய் ஸ்திரீ அல்லள், வைத்தியர். அவர் நல்லெண்ணத்தோடு ஓர் அபிப்பிராயத்துக்கு வர வேண்டும். அவ்வபிப்பிராயமே அவளுக்கு அனுமதி. கேட்கும் உரிமை அவளுக்கு, கொடுக்கும் அதிகாரம் அவருக்கு என்றாகிவிட்ட பிறகு, எழுத்தில் எங்குமில்லாத நிபந்தனைகள் பல ஆஸ்பத்திரி மேஜையில் முளைத்தன. அவற்றுள் முதன்மையானது கணவனின் கையெழுத்து. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும் என்பது 1971 முதல் மாறாத விதி. ஆனாலும் பின்னால் வழக்கு வருமோ, வம்பு வருமோ என்ற அச்சத்தால் கையெழுத்துக் கேட்கிற ஆஸ்பத்திரிகள் இன்றும் ஏராளம். கணவன் உள்ளூரில் இருப்பவளுக்கு அது ஒரு நாள் அவமானம். கணவன் திருப்பூரிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருப்பவளுக்கு அது பல வாரங்கள். அடித்து விரட்டிய கணவனை உடையவளுக்கு அது மூடிய கதவு.

இரண்டாவது நிபந்தனை குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். கருக்கலைப்புச் சட்டம் பெண்ணின் ஆரோக்கியத்துக்காக இயற்றப்பட்டதெனினும், ஜனத்தொகையைக் குறைக்க வேண்டுமென்ற அக்காலத்து வேகத்தின் நிழலிலேயே அது வளர்ந்தது. ஆகையால் கருக்கலைப்புக்கு வருகிறவளை அப்படியே ஆபரேஷன் கணக்கில் சேர்த்துவிடுவது பல சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் வழக்கமாயிற்று. இதில் எனக்குப் பெரும் வருத்தம் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆணுக்குச் செய்த ஆபரேஷனை நம்பியிருப்பவர்கள் நூற்றுக்கு 0.3. தமிழ்நாட்டிலோ பெண்களின் விகிதம் பாதியைத் தாண்டுகிறது. ஆண்களுடையது சொல்லத்தக்கதாகவே இல்லை. ஆணுக்குச் செய்யப்படும் ஆபரேஷன் இலகுவானது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சில நிமிஷங்களில் முடிவது. ஆயினும் "ஆம்பளை உழைக்கிறவன், அவனுக்குத் தெம்பு போயிடும்" என்ற ஒரு வாக்கியம் எழுபது ஆண்டுகளாகச் சுகாதார இலாகாவின் எல்லாப் பிரசாரங்களையும் தோற்கடித்து நிற்கிறது. வயலில் நாற்று நடுகிறவளும் செங்கல் சுமக்கிறவளும் உழைக்கிறவர்களாக எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

அரைகுறையான இந்தக் கருத்தடை முறையிலேயே கருக்கலைப்பின் வேரும் இருக்கிறது. நம் நாட்டுப் பெண் இளவயதில் மணந்து, அடுத்தடுத்து இரண்டு பெற்று, இருபத்தைந்து இருபத்தாறு வயதுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டு கர்ப்பத்தின் அத்தியாயத்தையே முடித்துவிடுகிறாள். இதன் நடுவில், முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் இடையிலோ, இரண்டாவது பிறந்து ஆபரேஷனுக்குத் துணியாத காலத்திலோ, தற்காலிகக் கருத்தடை எதையும் அவள் கைக்கொள்வதில்லை. மாத்திரையைப் பற்றிப் பயம், லூப்பைப் பற்றி வதந்தி, ஆணுறையைப் பற்றிப் புருஷனிடம் பேசவே முடியாத நிலை. எதிர்பாராமல் உண்டாகும் கர்ப்பங்களுள் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் விழுகின்றன. கருக்கலைப்பு என்றவுடன் பலர் மனத்தில் தோன்றுவது வழிதவறிய கன்னிப்பெண்ணின் உருவம். உண்மையில் இந்தியாவில் கரு கலைப்பவர்களுள் மிகப் பெரும்பாலோர் மணமாகிப் பிள்ளை பெற்ற குடும்பத்துப் பெண்கள். அடுப்படியில் எரிகிற விறகையும் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையையும் ஒன்றாகக் கணக்கிட்டுப் பார்த்து, இன்னொரு வாய்க்கு இடமில்லை என்று தெரிந்துகொண்ட தாய்மார்கள்.

ஆறு மாநில ஆய்வில் தமிழ்நாட்டின் கருக்கலைப்பு விகிதம் ஆயிரம் பெண்களுக்கு ஏறத்தாழ 33 என்றும், அஸ்ஸாமில் அதுவே 66 என்றும் காணப்பட்டது. இதைக் கொண்டு தமிழ்ப்பெண்ணின் துன்பம் பாதிதான் என்று மகிழ்ந்துவிட முடியாது. சீக்கிரமே ஆபரேஷன் முடித்துக்கொள்வதால் அவளுக்கு வேண்டாத கர்ப்பங்கள் குறைவு. ஆனால் வேண்டாத கர்ப்பம் ஒன்று உண்டாகிவிட்டால், அவள் போகக்கூடிய வழிகளும் இங்கே குறுகலானவை.

குறுகலானதற்குக் காரணம் மாத்திரையின் கதையில் இருக்கிறது. பழைய காலத்தில் எருக்கங்குச்சியைக் கர்ப்பப்பையின் வாயில் செலுத்துகிற கொடிய வழக்கம் இந்நாட்டில் இருந்தது; அதன் விஷத்தாலும், குச்சியோடு உள்ளே சென்ற அழுக்காலும் கர்ப்பப்பை சீழ்ப்பிடித்து, ஜன்னி கண்டு, எத்தனையோ பெண்கள் மாண்டார்கள். 2001–03-இல் சர்க்கார் எடுத்த கணக்கிலேயே, பிரசவத்தையும் கர்ப்பத்தையும் ஒட்டி நேர்ந்த தாய்மரணங்களுள் நூற்றுக்கு 8 கருக்கலைப்பால் நேர்ந்தவை. 2002-இல் மிஃபெப்ரிஸ்டோன் என்னும் மருந்துக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் அதுவும் மிசோப்ரோஸ்டாலும் ஒரே அட்டையில் சேர்ந்து கடைக்கு வந்தன. 2015-இன் ஒன்றரைக் கோடிக் கலைப்புகளுள் நூற்றுக்கு 73, ஆஸ்பத்திரிக்கு வெளியே, இம்மாத்திரைகளால் நிகழ்ந்தவை. வைத்தியர் சீட்டில்லாமல் விற்பது சட்டவிரோதம் என்பதையும், அளவும் காலமும் தெரியாமல் விழுங்கி ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால், எருக்கங்குச்சியின் இடத்தை மாத்திரை பிடித்ததனால் பிழைத்த உயிர்களை எண்ணிப் பார்க்கையில், அம்மாத்திரையைக் கடையிலிருந்து அகற்றிவிடுவதே பரிகாரம் என்ற கொள்கையை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் கண்டிப்பால் பெரும்பாலான கடைகள் அதை வைத்திருப்பதே இல்லை. விற்காமல் தடுப்பது எளிது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மாத்திரையைச் சரியான அளவில், சரியான விளக்கத்தோடு, கூலி கெடாத நேரத்தில் கொடுப்பது கடினம். எளிதானதைச் செய்துவிட்டுக் கடினமானதைச் செய்யாமல் விட்டிருக்கிறோம்.

பேரன் ஆசையைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. வரதட்சிணை என்பது பெண்ணைப் பெற்ற வீட்டின் மேல் இருபது ஆண்டுகளுக்குப் பின் விழப்போகிற கடன். பிறக்கும்போதே அக்கடனைப் பார்க்கிற கண்கள்தாம் உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலையைச் செய்தன. அத்தகைய கொலைகளைத் தடுக்கவே 1992-இல் சேலத்தில், வேண்டாத பெண் சிசுவைச் சர்க்காரிடமே ஒப்படைக்க வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிற்று. கள்ளிப்பால் செய்ததை ஸ்கேன் இயந்திரம் செய்யத் தொடங்கியபோது, 1994-இல் கருவின் பால் அறிதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. நாடு முழுவதிலும் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தை ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 1991-இல் 945, 2001-இல் 927, 2011-இல் 919 என்று குறைந்தமை, வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. ஆயினும் பாலறிந்து கலைப்பவை மொத்தக் கலைப்புகளில் ஒரு சிறு பகுதியே. பன்னிரண்டு வாரத்துக்கு முன், கரு ஆணா பெண்ணா என்று எவருக்கும் தெரியாத நிலையில் கலைக்கப்படுபவையே மிகப் பெரும்பாலானவை. இவ்வேறுபாட்டை உணராமல், பெண் கருவைக் காக்கும் பிரசாரத்தில் கருக்கலைப்பு முழுவதையும் கொலை என்று சுவரில் எழுதி வைத்ததன் விளைவு, மூன்று நான்கு மாதக் கர்ப்பத்தோடு, கையில் பெண் குழந்தையோடு வருகிற ஏழையைக் கண்டவுடன் வைத்தியர்கள் அஞ்சித் திருப்பி அனுப்புவது. மாமியாரின் ஆசையால் தாமதமானவள், அந்த ஆசையைத் தண்டிக்கிற சட்டத்தின் பெயராலேயே மறுபடியும் தண்டிக்கப்படுகிறாள்.

அண்டை நாடுகளைப் பார்த்தால் நம் நிலை இன்னும் துலக்கமாகும். 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே பிரிவைச் சுமந்துகொண்டு வந்த வங்காளதேசம், தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருவைக் கலைக்கலாகாது என்ற விதியை இன்றளவும் மாற்றவில்லை. ஆனால் 1979 முதல் 'மாதவிடாய் ஒழுங்குபடுத்தல்' என்ற பெயரில், நாள் தள்ளிப்போன பெண்ணுக்குக் கர்ப்பம் உண்டா இல்லையா என்று நிச்சயிக்காமலே கர்ப்பப்பையைச் சுத்தம் செய்கிற சேவையைச் சர்க்காரே குடும்பநலத் திட்டத்தில் சேர்த்து நடத்தி வருகிறது. பயிற்சி பெற்ற கிராம சுகாதாரப் பணிப்பெண்களே அதைச் செய்கிறார்கள். 1971 யுத்தத்தில் மானபங்கப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்களின் துயரம் அந்நாட்டுச் சர்க்காரின் கண்ணைத் திறந்தது என்பதை மறக்க முடியாது. சட்டத்தின் சொல்லைத் தொடாமல், கிராமத்துப் பெண் வழக்கமாகச் சொல்கிற சொல்லையே சர்க்கார் ஏற்றுக்கொண்டமை எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. இலங்கையோ, 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவை அப்படியே வைத்திருக்கிறது. 1995-இல் அதைத் தளர்த்த எழுந்த முயற்சி பாராளுமன்றத்தில் கைகூடவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்கிற தமிழ்ப்பெண்ணுக்கும் கொழும்பில் வாழ்கிற செல்வப்பெண்ணுக்கும் அங்கே சட்டம் ஒன்றுதான். சட்டத்தைச் சுற்றிப் போகத் தேவைப்படுகிற பணந்தான் ஒன்றல்ல.

நேபாளத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 2002 வரையில் அங்கே கருவைக் கலைத்தவளுக்குச் சிறைவாசம். கரு தானாகச் சிதைந்தவர்களும் அண்டை வீட்டார் புகாரின் பேரில் சிறையில் கிடந்தார்கள். அவ்வாண்டில் சட்டம் திருந்திற்று. பன்னிரண்டு வாரம் வரையில் பெண்ணின் விருப்பமே போதும் என்றாயிற்று. அதன் பின்னர், 2007-இல், நாட்டின் தூர மேற்கிலுள்ள டடேல்துரா மாவட்டத்தில், ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஆறாவதைச் சுமந்த லட்சுமி என்ற மிக ஏழைப்பெண் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டணம் 1,130 ரூபாய் என்றார்கள். அது அவளிடமும் இல்லை, அவள் புருஷனிடமும் இல்லை. ஆறாவது பிள்ளையைப் பெற்றாள். அவள் வழக்கு நேபாள உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. கட்ட முடியாத கட்டணத்தின் பின்னால் வைத்திருக்கிற உரிமை உரிமையாகாது என்ற கருத்தை ஏற்று, ஏழைகளுக்கும் எட்டும்படி இச்சேவையை அளிப்பது சர்க்காரின் கடமை என்று 2009-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்பாடு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அது இலவசமாயிற்று. மலைப்பிரதேசங்களில் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களே மாத்திரை கொடுக்க அனுமதிக்கப்பட்டார்கள். இந்தியாவில் இன்றும் தகுதி பெற்ற எம்.பி.பி.எஸ். வைத்தியர் மட்டுமே இதைச் செய்யலாம். வாரத்தில் இரண்டு நாள் வருகிற டாக்டரம்மாவுக்காகக் காத்திருக்க வேண்டியதன் காரணம் இதுவே. வறிய நேபாளம் செய்ததை நாம் செய்ய முடியாததற்குக் காரணம் பணமில்லாமை அன்று.

மணமாகாதவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1971-இன் சட்டம், கருத்தடை தவறியதைக் காரணமாகக் காட்டும் உரிமையை மணமான பெண்ணுக்கும் அவள் கணவனுக்குமே அளித்திருந்தது. 2021-இன் திருத்தம் 'கணவன்' என்ற சொல்லை நீக்கி, எந்தப் பெண்ணுக்கும் அவள் துணைவனுக்கும் என்று மாற்றிற்று. சில பிரிவினருக்கு எல்லையை 24 வாரமாக உயர்த்திற்று. 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம், மணமாகாத பெண்ணையும் அப்பிரிவினருள் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கணவன் வற்புறுத்தலால் உண்டான கர்ப்பமும் இச்சட்டத்தின் பொருட்டுப் பலாத்காரமே என்றும் அதே தீர்ப்பில் சொல்லிற்று. பதினெட்டு நிறையாத பெண் வந்தால், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியிருப்பதால் அப்பெண்கள் ஆஸ்பத்திரிப் படியேறவே அஞ்சுகிறார்கள் என்பதை உணர்ந்து, அவளும் அவள் பெற்றோரும் விரும்பினால் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது. நல்ல தீர்ப்பு. ஆனால் டெல்லியில் படிக்கப்பட்ட தீர்ப்பு தாலுகா ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் நர்ஸின் காதுக்கு எப்போது எட்டும் என்று எவரும் தேதி குறிக்கவில்லை.

அந்தக் காதுக்கு எட்டச் செய்வது நம்மால் ஆகிற காரியம். இதை வாசிக்கிறவர்களுள் ஆசிரியர்கள் இருக்கலாம், சுயஉதவிக் குழுவை நடத்துகிறவர்கள் இருக்கலாம், அங்கன்வாடியில் வேலை செய்கிறவர்கள் இருக்கலாம். பாவமா புண்ணியமா என்ற விவாதத்தை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் உங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியச் சொல்லுங்கள்: பதினெட்டு வயது நிறைந்த பெண்ணிடமிருந்து சட்டம் கேட்பது ஒரே ஒரு கையெழுத்து, அது அவளுடையது. கணவனுடையதையோ மாமியாருடையதையோ தகப்பனுடையதையோ அது எந்தப் பிரிவிலும் கேட்கவில்லை.